கருமந்தி அழித்த வரி

“பனி இறங்கிட்டா, நம்ம கருமந்தி மரத்துல இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்!”

மலையணில் தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தது. இரண்டு கிளை தள்ளி இலைகளுக்குள் படுத்திருந்த கருமந்தியின் காதில் அது விழுந்துவிட்டது.

“மெதுவாப் பேசுங்க, கேட்கப் போகுது” என்றது மனைவி.

“கேட்கட்டுமே! நானாவா சொல்றேன்? பாறையிலேயே எழுதியிருக்கே!”

கருமந்தி இலைகளுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

அந்தச் சோலைக்காட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் பாறை இருந்தது. காட்டில் வாழும் ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் செம்மண்ணால் எழுதியிருக்கும். யாரை எதற்கு நம்பலாம், யாரை எதற்கு நம்பக் கூடாது என்று எல்லோரும் அதைப் படித்தே தெரிந்துகொண்டார்கள். யாரும் எழுதலாம். எழுதியவர் வரிக்குக் கீழே தன் காலடியைப் பதிக்க வேண்டும். ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதும் வழக்கம் மட்டும் அங்கே இல்லை. தவறு இருந்தால் பாறையடியில் வந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் விசாரித்துத் திருத்துவார்கள்.

மாலையில் கருமந்தி இறங்கிப் போய்ப் படித்தது.

‘கருமந்தி உச்சிக் கிளையில் காவல் இருக்கும். செந்நாய் வருவதைக் கண்டால், அது வரும் திசையில் உள்ள கிளைக்குத் தாவிக் கத்தும். நாம் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்.’

இது சரிதான். அடுத்த வரி, ‘மலையணிலின் கூட்டைப் பிய்த்துப் போட்டது.’ அட, அது காற்று செய்த வேலை! கடைசி வரி இப்படி இருந்தது: ‘மூடுபனியில் இதற்குக் கண் தெரியாது. பனி நாளில் இதை நம்பிப் புல்வெளிக்குப் போகாதீர்கள்.’

பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி நிமிர்ந்து பார்த்தது. “என்னப்பா, முகமே சரியில்லை? ஏதாவது தப்பா இருந்தாச் சொல்லு. நாலு பேரைக் கேட்டுத் திருத்திடலாம்.”

நாலு பேரைக் கேட்டால் கூட்டைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? பனியைப் பற்றியும் பேச்சு வரும்.

“ஒண்ணுமில்லை, சும்மாதான் வந்தேன்” என்றது கருமந்தி.

முள்ளம்பன்றி கிழங்கோடு நகர்ந்ததும், அது ஈரப் பாசியைப் பிடுங்கிப் பாறையைத் தேய்த்தது. கூட்டைப் பற்றிய பொய் போயிற்று. கையோடு பனியைப் பற்றிய உண்மையும் போயிற்று. வெறும் இடம் கண்ணை உறுத்தியது. செம்மண்ணைக் குழைத்து எழுதியது: ‘எந்தப் பனியிலும் இதன் கண்ணுக்குத் தப்பி ஒரு செந்நாயும் வர முடியாது.’

‘என்னைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?’ என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

கீழே தன் கையைப் பதித்தால் மாட்டிக்கொள்ளுமே! இரண்டு விரல்களை நெருக்கி அழுத்தியது. அசல் கடமானின் பிளந்த குளம்பு போலவே பதிந்தது.

மறுநாள் விடிந்தபோது காடு முழுக்க மூடுபனி வெள்ளையாகக் கிடந்தது.

“அண்ணே! மேல இருக்கீங்களா?” என்று கீழிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்த மலையிலிருந்து கன்றோடு வந்திருந்த ஒரு பெண் கடமான். “பனியில புல்வெளிப் பக்கம் போகவே பயம். எங்க மலையில ரெண்டு நாளாவே பனி, பட்டினிதான். இப்பத்தான் பாறையைப் படிச்சேன். எங்க ஆளு யாரோ குளம்பு பதிச்சு எழுதியிருக்காங்க. அப்ப நம்பிப் போகலாம்தானே?”

கருமந்தி கீழே எட்டிப் பார்த்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மலையணில் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“போ தங்கச்சி. நான் இருக்கேன்.”

கடமான் கன்றோடு பனிக்குள் போய் மறைந்தது. கருமந்தி உச்சிக் கிளைக்கு ஏறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. தன் வாலின் நுனிகூடத் தெரியவில்லை. கீழே எங்கோ புல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று பறவைகள் அடங்கின.

மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம். பதிலுக்கு இன்னொன்று. எந்தப் பக்கம்? இடமா, வலமா? பனிக்குள் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

“அம்மா, யாரோ கூப்பிடறாங்க” என்றது கன்று.

“பயப்படாதே. மாமா மேல இருக்காரு. ஏதாவதுன்னா கத்துவாரு.”

தவறான கிளையில் நின்று கத்தினால், தாயும் கன்றும் நேராகச் செந்நாயின் வாய்க்குள் ஓடும். கத்தாவிட்டாலும் அதே கதிதான். மூன்றாவது சீழ்க்கை மிக அருகில் கேட்டது.

“தங்கச்சி!” என்று கருமந்தி அலறியது. “செந்நாய்! எந்தப் பக்கம்னு தெரியலை! எனக்குக் கண்ணே தெரியலை! பாறையில எழுதினது நான்தான்! அந்தக் குளம்பும் என் விரல்தான்! என் சத்தத்தை வெச்சு ஓடாதே!”

காடே அதைக் கேட்டது.

“ஐயோ, இப்ப வந்து சொல்றியே, பாவி!”

குளம்புகள் தடதடத்தன. தொப்பென்று ஏதோ தண்ணீரில் விழுந்தது. புல்வெளியோரத்துக் குட்டையாகத்தான் இருக்கும். உறுமல்கள், தண்ணீர் அடிபடும் சத்தம், பிறகு கன்றின் ஒரே ஓர் அலறல். கருமந்தி காதுகளைப் பொத்திக்கொண்டது. கையை எடுத்தபோது ஒரு சத்தமும் இல்லை.

கூப்பிடவும் அதற்குப் பயமாக இருந்தது. பனி விலகும்வரை கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தது.

உச்சிவேளையில் வெயில் வந்தது. குட்டையின் நடுவில், மார்பளவு நீரில் கடமான் நின்றிருந்தது. கன்று அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. உயிர் இருந்தது. வலது காது இல்லை. செந்நாய்கள் ஆழத்துக்கு வர அஞ்சிப் போய்விட்டிருந்தன.

அன்றே எல்லோரும் பாறையடியில் கூடினார்கள். கருமந்தியின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அது தலையைக் குனிந்தபடி பேசியது.

“கூட்டைப் பிய்ச்சது நான் இல்லை. அதை மட்டும் விசாரிங்க. பனியில எனக்குக் கண் தெரியாதுங்கறது உண்மை.”

“நான் நேர்ல பார்க்கலைதான்” என்று மலையணில் முனகியது. “நீயாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்.”

“அதை நேத்தே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா” என்றது முள்ளம்பன்றி.

கருமந்தி தன் பொய் வரியைக் கழுவியது. பிறகு செம்மண்ணை முள்ளம்பன்றியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றது. கடமான், தன் கன்றின் காயத்தை நக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, முள்ளம்பன்றி பாறையின் உச்சியில் எழுதியது: ‘தன்னைப் பற்றிய உண்மையைத் தானே திருத்துகிறவன், தன்னை நம்பி வருகிறவர்களின் உயிரோடு விளையாடுகிறான்.’