கரிச்சான் வாலில் இரண்டு கயிறு

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். காட்டுவழியில் போகிறவர்கள் மைனாவிடம் தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள், அதுவும் சொல்லும். கயிறு கட்டிக் கேட்ட வாக்கை அன்று யாராலும் மீற முடியாது. மனிதருக்கும் பறவைக்கும் அது பொது.

நல்லக்காளும் பாவாயியும் ஆண்டுதோறும் தை மாதத்தில் கரடிமலைக் கோயிலுக்கு நடந்து போகிற சிநேகிதிகள். ஊர் எல்லையைத் தாண்டியதும் விரதத்துக்கு உடுத்திய கறுப்புச் சேலையின் முந்தானையில் ஆளுக்கொரு துணுக்கைக் கிழிப்பார்கள். அதைக் கறுப்புக் கயிற்றின் நுனியில் முடிந்து, ஒருத்தி கையில் மற்றவள் கட்டுவாள்.

"மலையேறி முடியற வரைக்கும் என்னைய உட்டுட்டுப் போகக் கூடாது."

"போகமாட்டேன்."

மலை உச்சியில்தான் அந்தக் கயிறுகளை அவிழ்ப்பார்கள்.

அந்த ஆண்டு மூங்கில் காட்டுக்குள் பாவாயிக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்காக, உடன் நடந்து வந்த ஊர்க்கூட்டம் ஓர் ஓடைக்கரையில் தங்கியது. அவள் படுத்திருந்த மருத மரத்தின் கிளையில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்தது. கறுத்த உடம்பு, குட்டை வால், சிவந்த கண். பாவாயியின் மூச்சு நிற்கும்வரை அது இடத்தை விட்டு அசையவில்லை.

அங்கேயே அவளைப் புதைத்தார்கள். மண் தள்ளுவதற்கு முன் நல்லக்காள் அவள் கையிலிருந்த கயிற்றை முடிச்சு அவிழாமல் உருவித் தன் கையில் போட்டுக்கொண்டாள். "இதையாவது மலைக்குக் கொண்டு போறேன்" என்று அழுதாள்.

மறுநாள் உச்சிவெயிலில் இலை அசையவில்லை. நல்லக்காள் கூட்டத்தின் கடைசியில் நடந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நல்லக்கா, மெதுவா நட புள்ள. முள்ளு குத்துது."

திரும்பினாள். தடத்தில் யாருமில்லை. வளைந்த மூங்கிலில் அந்தக் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. அதன் வாய்தான் அசைந்தது. வந்தது பாவாயியின் குரல், அவளுடைய வறட்டு இருமலோடு.

"நீ யாரு?" என்றாள் நல்லக்காள்.

கரிச்சான் தன் சொந்தக் குரலுக்கு மாறியது. ஓட்டை ஊதலில் வருகிற காற்றைப் போலிருந்தது அது. "என்னோட குரலு இவ்வளவுதான். அதனால என் கண்ணு முன்னால சாகறவங்க குரலை நான் எடுத்துக்கறேன். அவங்களுக்கு இனி அது எதுக்கு?"

அப்போதே அவள் அதை விரட்டியிருக்கலாம். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"இன்னொருக்கா அவளாட்டம் பேசு."

அது பேசியது. சந்தையில் வளையல் வாங்கியதைப் பேசியது. பாவாயி சிரிக்கிறபடியே சிரித்தது. நல்லக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டபடி நடந்தாள். நடுவில் அந்தக் குரல், "முன்னால போறது யாரெல்லாம்? பேரு மறந்துபோச்சு புள்ள" என்றது. அவள் யோசிக்கவே இல்லை. காவடி தூக்கி முன்னால் நடத்திப் போகும் செங்கோடன், உடுக்கை அடிக்கும் ராக்கியண்ணன், அவர் மனைவி காளியாத்தா என்று எல்லார் பெயரையும் சொன்னாள்.

அடுத்த நாள் கூட்டம் நிழலில் இளைப்பாறும்போது மூங்கில் புதருக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"ராக்கியண்ணா, வந்து ஒரு கை குடுங்க. எந்திரிக்க முடியல."

எல்லாருக்கும் அது கேட்டது. யாருடைய குரல் என்றும் தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை. ராக்கியண்ணன் மட்டும் எழுந்தார். "உசுரிருக்கறப்பவே பொதச்சுட்டமா?" என்று பதறிக்கொண்டு புதருக்குள் ஓடினார்.

பின்னால் போனவர்கள் பள்ளத்தின் விளிம்பில் அவருடைய உடுக்கையைத்தான் கண்டார்கள். கீழே ஆழம் தெரியவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ராக்கியண்ணனின் குரல் வந்தது. "காளியாத்தா, நீயும் வா."

காளியாத்தா பள்ளத்தை நோக்கி நடந்தாள். செங்கோடன் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்.

நல்லக்காள் மேலே கிளையைக் காட்டினாள். "அந்தக் கரிச்சானுக்குப் பேரைச் சொல்லிக் குடுத்தது நாந்தான்" என்றாள். செங்கோடன் கல்லெடுத்து வீசினார், கல் எட்டவில்லை. கரிச்சான் மேல்கிளைக்குத் தாவி, அடுத்த பெயரைக் கூப்பிடத் தொடங்கியது.

"கல்லைப் போடுங்கண்ணா. அது என்கிட்ட வரும்" என்று சொல்லிவிட்டு நல்லக்காள் தனியாகப் புதருக்குள் போனாள்.

"அவ குரலு மட்டுந்தான உன்கிட்ட இருக்குது?" என்று கையை நீட்டினாள். "அவ கயிறும் வேணுமா?"

கரிச்சான் அந்தக் கயிறுகளை ஆசையாகப் பார்த்தது. கீழே இறங்கி அவள் முழங்கையில் உட்கார்ந்து வாலை நீட்டியது. "கட்டு" என்றது ஓட்டைக் குரலில்.

அவள் முடிச்சில் விரல் வைத்தாள்.

"நல்லக்கா, அவுக்காத புள்ள. மலை இன்னும் வரல. அவுத்தீன்னா நான் போயிருவேன்."

அவள் பறவையின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது.

விரல்கள் அப்படியே நின்றன. விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் இத்தனை தூரமும் கூடவே நடந்துதான் வந்திருக்கிறாளா? நல்லக்காள் சுற்றிலும் பார்த்தாள். மூங்கில்தான் இருந்தது. தடத்தில் காளியாத்தா அழுகிற சத்தம் கேட்டது.

"போ புள்ள" என்றாள் மெதுவாக. "மீதி மலையை நான் ஏறிக்கறேன்."

இரண்டு கயிற்றையும் அவிழ்த்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல் இருந்தது. பிறகு அங்கே யாரும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வாலின் இரு ஓரத்து இறகுகளிலும் கயிறுகளை இறுக்கிக் கட்டினாள்.

"கட்டுனவ கேக்கறேன். இனி மனுசப் பேச்சு உன் வாயில வரக் கூடாது."

கரிச்சான் திடுக்கிட்டு வாயைத் திறந்தது. கொண்டைக்குருவியின் குரல் வந்தது. பருந்தின் குரல், அணிலின் குரல், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு சொல்லும் வரவில்லை. எந்தக் குரல் தன்னுடையது என்பதும் அதற்கு மறந்துபோயிருந்தது. காட்டுக்குள் பறந்து போனபோது நுனித் துணுக்குகள், இரண்டு கருவண்டுகள் துரத்துவதுபோல் அதன் பின்னால் போயின.

அது இனிப் பேசாது என்று தெரிந்தும், அங்கிருந்து மலைவரை ஒருவரும் யார் பெயரையும் சொல்லத் துணியவில்லை. நல்லக்காளைக் கூப்பிட வேண்டியிருந்தபோது செங்கோடன் வாயெடுத்து நிறுத்தி, "சாமி, வாங்க" என்றார். அவள் வந்தாள். காளியாத்தாவையும் அப்படியே அழைத்துக் கைபிடித்து ஏற்றினார்கள்.

துடுப்புவால் கரிச்சான் இரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு மற்றப் பறவை, விலங்குகளின் குரலிலெல்லாம் கத்தித் திரிவது அன்று தொடங்கியதுதான். மலைக்கு நடக்கிறவர்கள், பெற்ற தாயே பக்கத்தில் நடந்தாலும், பெயரை விட்டுவிட்டு ஒருவரையொருவர் "சாமி" என்று கூப்பிடுவதும் அன்று முதல்தான்.