ஏப்பத்துக்கு நாடு கடத்தல்

வேலங்குறிச்சி மன்னருக்கு அந்தக் கோடையில் வியர்வை நிற்கவேயில்லை. வழிப்போக்கராக வந்த பண்டிதர் ஒருவர், மாடுகள் அசைபோட்டு விடும் ஏப்பம் வானத்தைச் சூடேற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கேட்டவர்களிடம்தான் புத்தி இல்லை.

மந்திரி அனவரதர் தம் குதிரைகளுக்காக மேய்ச்சல் நிலத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர். விடுவாரா? மாயாண்டிக் கோனாரின் இருநூறு மாடுகளையும் நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்றார். மாடு போனால் கோனார் குடும்பம் நடுத்தெருவில்தான். கோனார் அவைப்புலவர் பொன்னம்பலத்திடம் ஓடிவந்து அழுதார்.

பொன்னம்பலத்துக்கு மனசு கேட்கவில்லை. குறைவாக ஏப்பம் விடும் மாடு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். கருவேலங்காய் தின்கிற மாடுகள் அவ்வளவாக விடாது, அந்தத் துவர்ப்பு வயிற்றை அடக்கிவிடும் என்றார் கோனார்.

"அடியோடு நின்றுவிடுமா?"

"அது எப்படிங்க சாமி நிக்கும்? கொறையும், அவ்ளோதான்."

ஒரு மாதம் புல்லோடு காயும் கொடுத்தார்கள். குறைந்தால் போதாது என்று மந்திரி அடம்பிடித்தார். மாடுகளை அரண்மனை முற்றத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும், அன்று ஏப்பம் விட்டது எதுவானாலும் தன் கூட்டத்தோடு பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும் என்று ஆணை எழுதி, மன்னரின் முத்திரையும் வாங்கிவிட்டார். பொன்னம்பலம் மறுக்கவில்லை. மன்னர் மதிய விருந்து முடித்து முற்றத்துக்கு வரும் நேரத்தில் சோதனையை வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று மாடுகள் சாதுவாக அசைபோட்டன. மந்திரி கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

பெரிதாக ஓர் ஏப்பம் கேட்டது.

"ஆணைப்படி இப்போதே துரத்துங்கள்" என்றார் மந்திரி, கண்ணைத் திறக்காமலேயே.

அதற்குள் வாசலில் சங்கு முழங்கியது. மன்னர் உண்டு ஏப்பம் விட்டால் சங்கு ஊதுவது அந்த அரண்மனை வழக்கம். மாட்டுக்கு யாரும் ஊதுவதில்லை.

பொன்னம்பலம் ஓலையை விரித்தார்.

"ஆணை ஆணைதான், மகாராஜா. விட்டவர் தம் கூட்டத்தோடு கிளம்ப வேண்டும். மந்திரியாரின் மூட்டையை முதலில் கட்டச் சொல்லட்டுமா?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலை கிழிந்தது. மேய்ச்சல் நிலம் கோனாருக்கே என்றானது. நாள்தோறும் கருவேலங்காய் பொறுக்கும் வேலை மந்திரிக்குப் போனது.

கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னம்பலத்துக்குப் போடும் சாக்கில், மன்னர் அவர் காதோரம் குனிந்தார்.

"புலவரே, அந்தக் காய் மனிதர்களுக்கும் கேட்குமா?"