மௌனசாமி சொன்ன முதல் சொல்

"அம்மா, எனக்கு ஆயுள் மௌனம் கொடுங்கள்."

சடகோபன் இதைச் சிலேட்டில் எழுதிக் குருவின் முன் நீட்டினான்.

செங்கமலத்தம்மா படித்தார். பொதிகை மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவர்தான் தலைவர். சடகோபனைவிட வயதில் இளையவர்.

"வாயால் கேளும். தருகிறேன்," என்றார்.

சிலேட்டைத் திருப்பித் தரவில்லை. தன் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

சடகோபன் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போனான்.

அவன் பிறந்தபோதே மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டைச் சின்ன வயதில் தைத்துவிட்டார்கள். அண்ணம் அப்படியே நின்றுவிட்டது. பேசினால் காற்றெல்லாம் மூக்கு வழியே போய்விடும். 'ப' என்று தொடங்குவான், 'ம' என்று வரும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டார். சொன்னான். வகுப்பே சிரித்தது.

அதன்பிறகு கடையில் பருப்பு கேட்கப் பயம். பஸ்ஸில் ஊர்ப்பெயர் சொல்லப் பயம். பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் கேட்கப் பயந்து, தாகத்தோடு திரும்பி வந்தான். அந்தச் சம்பந்தமும் அமையவில்லை.

மடத்துக்கு வந்து ஒரு வருட மௌனவிரதம் எடுத்த அன்றுதான் அவன் நன்றாகத் தூங்கினான்.

தாடி வளர்ந்து தழும்பை மூடியது. ஊரார் மௌனசாமி என்றார்கள். காலில் விழுந்தார்கள். அவன் பேசாததில் ஏதோ இருக்கிறது என்று நம்பினார்கள்.

இப்போது விரதம் முடியப் போகிறது. அதனால்தான் ஆயுள் மௌனம் கேட்டான்.

அன்று வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் மடத்துக்கு வந்தாள். இசக்கியம்மாள் என்று பெயர். ஒரு கையில் செம்பு நிறையப் பசும்பால், காணிக்கை. மறு கையில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை.

தரிசனத்துக்குக் கூடியிருந்தவர்களைக் கடந்து, குருவைக் கும்பிட்டுவிட்டு நேரே சடகோபன் முன் வந்து உட்கார்ந்தாள். துணியை விலக்கினாள்.

குழந்தையின் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

சடகோபனின் விரல் மீசைக்கடியில் தன் தழும்பைத் தொட்டது.

"குடிக்கிற பாலெல்லாம் மூக்கு வழியா வந்துருது சாமி. அழக்கூடத் தெம்பில்ல. கிரகணத்தன்னைக்கு நான் வெளியில போனேனாம், அதனாலதான்னு எங்க மாமியா சொல்லுதாக. நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். தலையில கைய மட்டும் வச்சாப் போதும். பொழச்சிக்கிடுவான்."

குழந்தையின் கைகள் குச்சி போல இருந்தன. உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அது பட்டினி என்று சடகோபனுக்குத் தெரிந்தது. தன்னை எப்படிப் பால் குடிக்க வைத்தாள் என்று அவன் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

குருவைப் பார்த்தான். சிலேட்டுக்காகக் கை நீட்டினான்.

செங்கமலத்தம்மா அசையவில்லை.

சடகோபன் பால் செம்பைக் காட்டினான். குழந்தையைக் காட்டினான். நிமிர்த்திப் பிடி என்பதுபோல் கைகளை உயர்த்தினான்.

இசக்கியம்மாள் அதைப் பாதபூசைக்கான உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். "இந்தா செஞ்சிருதேன் சாமி," என்று செம்பை எடுத்து, பால் முழுவதையும் அவன் பாதத்தில் ஊற்றினாள்.

கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கல்தரையில் பால் ஓடுவதைச் சடகோபன் பார்த்தான். குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடந்தது.

அவன் வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி திறந்தான்.

"மால்," என்றான்.



"திருமால்!" என்று கத்தினார் ஒரு பெரியவர். "சாமி வாயத் தொறந்து பெருமாள் பேரைச் சொல்லிட்டாரு!"

கூட்டம் தரையில் விழுந்தது. இசக்கியம்மாள் அழுதாள். "எம்புள்ள பொழச்சிட்டான். பெருமாளே வந்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருடமாக அவன் அஞ்சி நடுங்கிய அந்த நேரம் வந்து, ஒன்றும் ஆகாமல் போய்விட்டது. இனி வாயை மூடிக்கொண்டால் போதும்.

செங்கமலத்தம்மா கேட்டார்: "சடகோபரே, இவர்களுக்குக் கேட்டது சரிதானா?"

தலையை ஆட்டினால் முடிந்தது.

குழந்தை விரலைத் தேடி வாயில் வைத்தது. பிளவில் நழுவி விரல் வெளியே வந்தது. மறுபடி வைத்தது.

"இல்லை," என்றான் சடகோபன்.

மீசையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து இசக்கியம்மாளிடம் காட்டினான். உள்ளே மேலண்ணத்தில் இருட்டாக ஒரு வழி மூக்குக்குப் போனது.

அவள் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சடகோபனுக்கு அந்தச் சிரிப்பு அடையாளம் தெரிந்தது. ஆனாலும் சொன்னான். "பால். உன்னுடைய பால். பீய்ச்சி எடுத்து வா."

சில சொற்களை இரண்டு தடவை, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய்க் கிண்ணத்தில் எடுத்து வந்தாள்.

பூசை அறையில் தீர்த்தம் கொடுக்கும் உத்தரணி இருந்தது. அந்தச் சின்னக் கரண்டியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தான்.

"படுக்கவைத்துக் கொடுக்காதே. நிமிர்த்தி உட்காரவை. தலையைத் தாங்கிக்கொள். கன்னத்தோரமாகக் கொஞ்சம் விடு. விழுங்கட்டும். அவசரப்படாதே."

முதல் வாய் மூக்கில் வந்தது. இசக்கியம்மாள் பயந்து கரண்டியை எடுத்துவிட்டாள்.

"வரும். துடைத்துவிட்டு மறுபடி கொடு."

இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியது. அந்தச் சின்ன முழுங்கல் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வெகுநேரம் ஆனது. கிண்ணம் பாதியானபோது குழந்தை தோளில் ஏப்பம் விட்டு, ஈனசுரத்தில் அழுதது.

"கிரகணமாம்," என்றான் சடகோபன். "உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. உடம்பு தேறியதும் உதட்டைத் தைப்பார்கள். அதோடு விட்டுவிடாதே. அண்ணத்தையும் தைக்கச் சொல். எனக்கு உதட்டோடு நின்றுவிட்டது."

"பேசுவானா சாமி?"

"பேசுவான்."

"மத்தவங்க சிரிப்பாங்களா?"

அவன் குருவைப் பார்த்தான். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிப்பார்கள்."

"ஒங்களப் பாத்துச் சிரிச்சப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"வாயை மூடிக்கொண்டேன்."

இசக்கியம்மாள் குழந்தையின் மூக்கோரம் வழிந்த பாலை முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப இவனுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்கணுமா?"

கூட்டம் முழுவதும் சடகோபனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூடாது," என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன சாமி?"

இன்னும் உரக்கச் சொன்னான்.