ஒரு கேள்விக்கு ஆகும் நேரம்

ஒண்டிமுத்துவுக்கு வாய்த்த குரு அவரைவிட இருபத்து மூன்று வயது இளையவள். அவருக்கு அதில் வெட்கமில்லை. ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்துவிட்டு, ஐம்பத்தேழு வயதில் கெர்னல் எழுதக் கற்றுக்கொள்ள மதிவதனியிடம் வந்து சேர்ந்தார். மெஷினை எழுப்பி நடத்துகிற அடிப்படை மென்பொருள்தான் கெர்னல். மலைப் பள்ளிகளின் பழைய கம்ப்யூட்டர்களுக்காக இருவரும் அதை எழுதி அனுப்பினார்கள்.

அன்று காலை அவர் பேயறைந்தது போல் வந்தார்.

“மேடம், நாம அனுப்புனதைப் போட்டதும் பன்னெண்டு பள்ளிக்கூடத்துல மெஷின் எந்திரிக்கலீங்க. பூவரசின்னு ஒரு பொண்ணு காலேஜுக்கு விண்ணப்பம் போட முடியாமப் போச்சு. நேத்துதான் கடைசி நாளாம்.”

மதிவதனி அவர் எழுதியதைத் திறந்தாள். எழும்பியதும் கெர்னல், மெஷினின் மூளையான ப்ராசஸரிடம், ‘இந்தப் புதுக் கட்டளை உனக்குத் தெரியுமா?’ என்று கேட்கும். தெரிந்தால் வேகமான வழி, தெரியாவிட்டால் பழைய வழி. அந்தக் கேள்வியைக் காணோம்.

“எங்க சார் அது?”

“எடுத்துட்டேனுங்க. புதுக் கட்டளையையே நேரா வெச்சுட்டேன். நேரம் மிச்சமாகும்னு.”

“எவ்வளவு மிச்சம்?”

“கண் சிமிட்டற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லீங்க.”

“எந்த மெஷின்ல ஓட்டிப் பாத்தீங்க?”

“என் மேஜைல இருக்கறதுல. போன மாசம் வாங்குனது.”

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது: பள்ளிகளின் பழைய மெஷின்களுக்கு அந்தக் கட்டளை தெரியாது. கைக்குழந்தையின் வயதைக்கூடக் கேட்காமல் ஒரு ரயில் பெட்டியைத் தாண்டாத மனிதர் அவர்.

“திருப்பி எழுதுங்க,” என்றாள்.

எழுதினார். மூலையில் கிடந்த பழைய மெஷினில் போட்டார். அது முக்கி முனகி எழுந்து நின்றது. அவருக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது, உடனே பூவரசி நினைவு வந்து அதைத் தின்றுவிட்டது. தன்மேல் இருந்த கோபம் குருவின் பக்கம் திரும்பியது.

“அனுப்பறதுக்கு முன்னால நீங்க படிச்சீங்கதானே மேடம்?”

“படிச்சேன்.”

“கேள்வி இல்லாதது கண்ணுல படலீங்களா?”

“பட்டுச்சு.”

“அப்புறம் ஏனுங்க என்னைக் கேக்கலை?”

மதிவதனி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“உங்களுக்கு எங்கப்பா வயசு, சார். எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்.”