கிழக்கு விரிவின் சுவர்

அறவாழிக்கு ஐம்பத்தைந்து வயது. ஆலங்கரை நகரமைப்பு அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவன். அந்த வயதில், அந்தப் பதவியில் இருக்கும் ஒருவரை 'அவன்' என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் இந்தக் கதை முழுக்க அவன் தன் ஆசிரியையோடு இருக்கிறான். அவர் முன்னால் அவன் எப்போதும் அவன்தான்.

ஆசிரியையின் பெயர் தமயந்தி. கல்லூரியில் அவனுக்கு நகரமைப்புப் பாடம் எடுத்தவர். அதற்கு முன்பு சில வருடங்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆலங்கரைக்குக் கிழக்கே பொட்டலாகக் கிடந்த நிலத்தில் முந்நூறு வீடுகளுக்குத் தெருக்கள் வரைந்தது அப்போதுதான். அந்த முந்நூறில் ஒரு வீட்டில் அறவாழி வளர்ந்தான். நாற்பது வருடம் ஆகியும் ஊர்க்காரர்கள் அந்தக் காலனியைக் கிழக்கு விரிவு என்றுதான் சொல்கிறார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, சுருட்டிய வரைபடத்தோடு அவன் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்தான்.

கிழக்கு விரிவுக்கும் கிழக்கே அறுநூறு ஏக்கர். பதினோராயிரம் வீடுகள்.

"பெரிசா இருக்கு," என்றார் தமயந்தி.

"ஊரே ரெண்டு மடங்காகும், மேடம்."

தமயந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கிழக்கு விரிவின் ஒன்பது தெருக்களும் அவருக்குப் பழக்கமானவை. ஒன்பதும் கிழக்கே போய் ஒரு சிவப்புக் கோட்டில் முட்டி நின்றன.

"இது என்ன?"

"சுவர். நம்ம காலனி ஆளுங்க கேட்டாங்க. முதல்ல அடுக்குமாடி வீடுங்கதான் வருது, நாலாயிரம் குடும்பம். அத்தனை பேரும் நம்ம தெருவுக்குள்ள போய் வந்தா தெரு என்னத்துக்கு ஆகும்? அதான், அவங்களுக்கு வடக்கே நெடுஞ்சாலைப் பக்கமாத் தனி வழி." கொஞ்சம் தயங்கினான். "எனக்கும் அந்தத் தெருங்க அப்படியே இருக்கணும்னு ஆசை, மேடம். நான் செய்யறது சரிதானே?"

தமயந்தி நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டி கொண்டு வந்திருக்கியா?"

"வெளியில நிக்குது."

"போகலாம் வா. இதையும் எடுத்துக்க."

சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

ஒரு மணி நேரப் பயணம். கிழக்கு விரிவுக்குள் வண்டி நுழைந்ததும் அறவாழியின் குரலே மாறிப்போனது. டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னான். கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"நாங்க வந்தப்ப மொத்தம் பதினாறு குடும்பம்தான். சுவர்ல சாய்ஞ்சா முதுகெல்லாம் சுண்ணாம்பு. யாருக்கும் யார் பேரும் தெரியாது. வீட்டு நம்பர்தான் பேரு. எங்கம்மா வாசல்ல நின்னுட்டு, நாப்பத்தொண்ணு, கொஞ்சம் புளி இருக்கான்னு கேப்பாங்க. நாப்பத்தொண்ணு ஒரு உருண்டை புளியோட ஓடி வரும்."

தமயந்தி சிரித்தார்.

"தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள். ஹாரன் கேட்டதும் பேங்க் மேனேஜர் கைலியோட குடத்தைத் தூக்கிட்டு ஓடுவார். பின்னாலயே மில்லுல வேலை பாக்குற தங்கப்பழம் மாமா. யார் முதல்லன்னு ரெண்டு பேருக்கும் எப்பவும் சண்டை. அப்புறம் மேனேஜர் மகளை மாமா மகனுக்கே கட்டிக் குடுத்தாங்க. பந்தல் போட்டது நாலாம் தெருவுல, இந்த முனையிலேருந்து அந்த முனைவரைக்கும். காலனியில நடந்த முதல் கல்யாணம்."

அவன் சொல்லாமல் விட்டது இன்னும் நிறைய இருந்தது. முதல் முதலாகத் தெருவிளக்கு எரிந்த மாலையில் எல்லாரும் வெளியே வந்து கைதட்டியது. மொட்டை மாடியில் ஏறினால் தொலைவில் தெரியும் ரயில். ஈரச் சிமென்ட் வாசனை எங்கே வந்தாலும் சரி, அவனுக்குப் பதிமூன்று வயது ஆகிவிடும்.

நான்காம் தெருவின் முடிவில் வண்டி நின்றது. அங்கே தார் நின்று மண் தொடங்கியது. அதற்கு அப்பால் முள்மரங்கள், அளவுக்கல், வானம்.

கடைசி வீட்டிலிருந்து பனியனோடு ஒருவர் இறங்கி வந்தார். பரஞ்சோதி. அறவாழியோடு ஒன்றாம் தெருவிலிருந்து ஒன்பதாம் தெரு வரைக்கும் சைக்கிள் டயர் உருட்டியவர். இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர்.

"டேய் அறவாழி! யாருடா கூட?"

"நம்ம காலனியை வரைஞ்ச மேடம்டா."

பரஞ்சோதி இரண்டு கைகளையும் கூப்பினார். "அம்மா, உங்களுக்குக் கோயில்தான் கட்டணும். இந்தக் காத்தும் அமைதியும் வேற எங்க கிடைக்கும்? அதைக் காப்பாத்தத்தான் சுவர் கேக்குறோம். நாளைக்கு யார் யாரோ வருவாங்க. எந்த ஊரு, என்ன ஆளுங்க, ஒண்ணும் தெரியாது."

தமயந்தி அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். கோபமாக இல்லை. எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வீட்டு நம்பர் என்ன?"

"நூத்திரெண்டும்மா."

"காத்து நல்லா வருமே."

"வரும்மா, வரும்."

தமயந்தி தலையசைத்துவிட்டுத் தார் முடிந்த இடத்தைத் தாண்டி மண்ணில் இறங்கினார். அறவாழி பின்னாலேயே போனான். இருநூறு அடி போனதும் நின்றார்.

"முதல் அடுக்குமாடி எங்க வருது?"

அறவாழி வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தான். "இங்கதான், மேடம். நாம நிக்கிற இடம்."

"இங்க குடிவர்ற பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்?"

"புதுப் பள்ளி மூணாவது கட்டத்துல. ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நம்ம காலனிப் பள்ளிக்கூடம்தான்."

திரும்பிப் பார்த்தால் மரங்களுக்கு மேலே அந்தப் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"சரி, பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்."

அறவாழி நான்காம் தெருவை நோக்கித் திரும்பினான்.

"அங்க சுவர் இருக்கே," என்றார் தமயந்தி.

அவன் நின்றான். தமயந்தி குடையை விரித்துக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தார்.

"மேடம், வெயில். வண்டியை வரச் சொல்றேன்."

"எல்லார்கிட்டயும் வண்டி இருக்குமா?"

அவனும் கூடவே நடந்தான். முள்ளுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். ஓரத்தில் நடக்க இடமே இல்லை. வெள்ளைக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் மண். எதிரே வந்த லாரி ஒவ்வொன்றும் காற்றையும் மணலையும் அவர்கள் மேல் அள்ளி வீசிவிட்டுப் போனது. ஒரு பேருந்து உரசுகிற மாதிரி வந்து ஹாரன் அடித்தது. அறவாழி ஆசிரியையின் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். குடை மடங்கிப்போயிற்று. அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி சேலையை உதறிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.

ஒரு பஞ்சர் கடையைக் கண்டதும் அவனே நிறுத்தினான். கடைக்காரர் பெஞ்சில் இருந்த டியூப்களை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"இன்னும் எவ்வளவு?" என்றார் தமயந்தி.

"ஒண்ணே முக்கால் கிலோமீட்டர்."

தமயந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சீராக வரும்வரை காத்திருந்தார்.

"நீ எப்படிப் பள்ளிக்கூடம் போன, அறவாழி?"

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம காலனியில பள்ளிக்கூடம் ஏது? ஊருக்குள்ளதான் போகணும். செக்கடித் தெருவுல சீனியம்மான்னு பால்காரம்மா. அவங்க மாட்டுக்கொட்டகை வழியாத்தான் நாங்க போவோம். பின்பக்கத் தட்டியைப் பிரிச்சு வச்சிருப்பாங்க. சாணி ஒட்டாம இருக்க செருப்பைக் கையில புடிச்சுக்குவோம். ஒரு கன்னுக்குட்டி எங்க பையை நக்கும். ரேடியோவுல பாட்டு ஓடும். பாட்டு முடிஞ்சு செய்தி வந்துட்டா மணி அடிச்சுருவாங்கன்னு அந்தம்மா விரட்டுவாங்க. மேடம், இப்ப நினைச்சாலும் அந்தக் காலைங்கதான் என் வாழ்க்கையிலேயே..."

"ஏன் கொட்டகை வழியாப் போனீங்க?"

"காலனியிலேருந்து செக்கடித் தெருவுக்குள்ள போற இடத்துல சுவர் இருந்ததே."

சொல்லிவிட்டு நிறுத்தினான். அந்தச் சுவரைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. மலை இருக்கிற மாதிரி, ஆறு இருக்கிற மாதிரி, அது அங்கே இருந்தது. அவ்வளவுதான்.

"நான்தான் வரைஞ்சேன்," என்றார் தமயந்தி.

அறவாழி அவரைப் பார்த்தான்.

"எனக்கு இருபத்தாறு வயசு. முதல் வேலை. செக்கடித் தெருவிலேருந்து நாப்பது பேர் ஆபீசுக்கு வந்தாங்க. நல்ல மனுஷங்க. வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க. எங்க தெரு அமைதியான தெரு, யார் யாரோ வருவாங்க, ஒரு சுவர் மட்டும் போட்டுக் குடுங்கம்மான்னு கேட்டாங்க. போட்டுக் குடுத்தேன். மாலை போட்டாங்க."

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு லூர்து டீச்சரை ஞாபகம் இருக்கா?"

"கணக்கு டீச்சர். எண்பத்தெட்டாம் நம்பர் வீடு."

"மூணாவது வருஷம் பெரிய மழை. சீனியம்மாளோட கொட்டகை சரிஞ்சு வழி அடைபட்டுப் போச்சு. காலனிப் பிள்ளைங்களை லூர்து டீச்சர்தான் இந்த ரோட்டு வழியாக் கூட்டிட்டுப் போனாங்க. பிள்ளைங்களை உள்பக்கமா விட்டு, அவங்க வெளிப்பக்கமா நடந்தாங்க."

அறவாழி நெடுஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தான். அந்த மழை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் சீக்கிரமே திரும்பி வந்தார்கள். டீச்சர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்றார்கள்.

"மறுநாள் லீவு விட்டாங்க," என்றான் மெதுவாக. "மழை விட்டிருந்துச்சு. நாங்க நாலாம் தெருவுல தேங்குன தண்ணியில கப்பல் விட்டோம். சந்தோஷமா இருந்தோம், மேடம்."

"பிள்ளைங்கதானே."

"எனக்கு அந்தக் கப்பல்தான் இத்தனை வருஷமா ஞாபகம்."

தமயந்தி தலை குனிந்திருந்தார். "அந்த வாரமே நகராட்சியில சுவரை இடிச்சாங்க. நானும் போய் நின்னேன். அரை மணி நேரத்து வேலை. அப்புறம் வேலையை விட்டுட்டுக் கல்லூரிக்குப் போயிட்டேன். நீ முதல் வகுப்புல எழுந்து, கிழக்கு விரிவுன்னு சொன்னப்ப என்னால உன் முகத்தைப் பாக்க முடியலை."

 லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அறவாழி வரைபடத்தை மடியில் விரித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஒன்றாம் தெரு முடியும் இடத்தில் சிவப்புக் கோட்டை வெட்டினான். இரண்டு, மூன்று. நான்காம் தெருவில் கை நின்றது. அங்கே நூற்றிரண்டாம் நம்பர் வீட்டின் சின்னக் கட்டம். அதன் ஓரத்திலும் வெட்டினான். பிறகு மீதி ஐந்தையும்.

"பரஞ்சோதி இனிமே என்னோட பேசமாட்டான்."

பேனாவை மூடிப் பைக்குள் செருகினான்.

"அதுகூட எப்படியோ போகட்டும், மேடம். ஃபைல்ல காரணம் எழுதணும். கருத்துக் கேட்புக் கூட்டம் முறையா நடத்தியிருக்கேன். சுவர் வேணும்னு நூத்தி எழுபது மனு வந்திருக்கு. வேணாம்னு ஒண்ணுகூட வரலை. யாரு கேட்டாங்கன்னு தொறந்து விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

தமயந்தி மடங்கிய குடைக் கம்பியை நிமிர்த்தி, ரோட்டைப் பார்த்து எழுந்தார்.

"அன்னைக்கு எனக்கும் வேணாம்னு ஒண்ணுகூட வரலை, அறவாழி. உங்கப்பா அப்ப இன்னும் குடிவரலை."