பதினோரு வரி

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. திருடனுக்கு விஷம் வைக்கது பாவமா?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே சிவசுப்பு இதைக் கேட்டார். லேப்டாப்பை மூடக்கூட இல்லை. திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்திருந்தார்.

ரெபேக்கா டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி. மூச்சு வாங்குது."

பாளையங்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் டீச்சரின் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே டீச்சரைவிட மூத்த மாணவர்கள் இரண்டே பேர். சிவசுப்புவுக்கு ஐம்பத்திரண்டு. எனக்கு நாற்பத்தொன்பது. டீச்சருக்கு முப்பத்தாறு. 'சின்னப் பிள்ளைகிட்ட போய்ப் படிக்கீங்களா' என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எங்களுக்கு குரு. அவ்வளவுதான்.

சிவசுப்பு இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் டைப் அடித்தவர். அதை இழுத்து மூடியதும் டீச்சரிடம் வந்து புரோகிராம் எழுதக் கற்றார். பழைய காலத்து எழுத்துருவில் அடித்து வைத்த தமிழை இன்றைக்குத் திறந்தால் கோழி கிண்டிப் போட்ட மாதிரி இருக்குமே, அதை ஒரே சொடுக்கில் படிக்கிற தமிழாக்கித் தருகிற ஓர் ஆட்-ஆன் எழுதினார். எல்லோரும் காசில்லாமல் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ். எழுதியதில் ஒரு வரியைக்கூட ஒளிக்காமல் இணையத்தில் வைத்துவிட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம் என்று அவரே அனுமதி எழுதியிருந்தார்.

பிழைப்பு எப்படி என்று கேட்பீர்கள். சிக்கல் வந்தால் சரிசெய்து கொடுப்பதற்காக இரண்டு அச்சகங்கள் மாதாமாதம் அவருக்குப் பணம் கொடுத்தன. ஜங்ஷன் பேச்சிமுத்து அச்சகம் ஒன்று, தென்காசியில் ஒன்று. வீடு அதில்தான் ஓடியது.

சென்னைக் கம்பெனி ஒன்று அந்த ஆட்-ஆனை அப்படியே எடுத்தது. பெயரை மாற்றி, மேலே ஒரு அழகான படத்தை ஒட்டி, வருடச் சந்தாவுக்கு விற்றது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. டை கட்டிய ஒருத்தன் வந்து பேசினதும் இரண்டு அச்சகங்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஒன்றாம் தேதிக்குள் வேறு வழி பிறக்காவிட்டால் சிவசுப்பு சுரண்டைக்குப் போய் மைத்துனரின் டயர் கடையில் உட்கார வேண்டும். கற்ற வித்தைக்கு அத்தோடு முழுக்கு.

"யாரு திருடன்?" என்றார் டீச்சர்.

"அந்தக் கம்பெனிக்காரன்தான். வெள்ளிக்கிழமைதோறும் நான் புது வெர்ஷன் ஏத்துவேன்லா? அதைப் படிச்சுக்கூடப் பாக்காம அப்படியே இழுத்துக்கிடுதானுவ. வார வெள்ளிக்கிழமை ஏத்த வேண்டியதுக்குள்ள பதினோரு வரி வச்சிருக்கேன். அவனுவ பேரு போட்டு விக்குத பொட்டியில மட்டும்தான் வேலை செய்யும். மாத்தித் தார தமிழ்ல பத்து வரிக்கு ஒரு வரி காணாமப் போயிரும். கண்டுபிடிக்கவே ஆறு மாசம் ஆகும்."

டீச்சர் லேப்டாப்பை வாங்கி அந்தப் பதினோரு வரியையும் படித்தார்.

"சுத்தமா எழுதியிருக்கீங்க."

சிவசுப்புவின் முகம் மலர்ந்தது.

"காணாமப் போற வரி யாரு அடிச்சது?"

"அது... அவன்கிட்ட வாங்கினவங்க அடிச்சதுதான். வேணும் அவங்களுக்கு! திருட்டுப் பொருளுன்னு தெரியாமயா வாங்கினாங்க?"

"தெரியாமத்தானே வாங்கியிருப்பாங்க" என்றேன் நான். அவர் என்னை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்தார். பாருங்கள், எடுத்த கணமே அவர் குரல் வேறாகிவிட்டது.

"வணக்கம் முதலாளி, சொல்லுங்க... ஆமா... அந்த மேல்வரிசையில மூணாவது பொத்தானை அமுக்குங்க... வரலையா? இருங்க, பதறாதீங்க, நான் இருக்கேன்லா..."

இருபது நிமிடம். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. வேலை முடிந்து போனை வைத்தார்.

"யாரு?"

"பேச்சிமுத்து முதலாளி."

"அவருதான் உங்களை விட்டுட்டுப் போயிட்டாரே."

"ஆமா. கம்பெனி பொட்டிதான் வச்சிருக்காரு. அங்க கேட்டா அவனுவளுக்கு ஒண்ணும் தெரியல. ஆட்-ஆனுக்குள்ள என் நம்பரு இருக்கும்லா, அதைக் குடுத்து எங்கிட்ட கேக்கச் சொல்லிருதானுவ. இவரு மட்டுமில்ல. கோவில்பட்டி, ராஜபாளையம், எங்கெருந்தெல்லாமோ கூப்பிடுதாங்க."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா."

டீச்சர் கையிலிருந்த டஸ்டரை மேசையில் அறைந்தார். சாக்பீஸ் தூள் என் சட்டையெல்லாம் கொட்டியது. ஆறு வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஏழு மாசமா அவன் கடையில சம்பளமில்லாம வேலை பாத்துட்டு, இப்ப வந்து எங்கிட்ட விஷம் கேக்கீங்களா?"

"நான் எழுதினதுல்லா டீச்சர். கோளாறுன்னா என் பேரு கெட்டுரும்."

"பொய்."

சிவசுப்பு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"சார்னு கூப்பிடுதாங்க டீச்சர். இருபத்தாறு வருசம் பிரஸ்ல என்னை 'ஏ டைப்பு'ன்னுதான் கூப்பிட்டாங்க. என் பேரு அங்க பாதிப் பேருக்குத் தெரியாது."

எனக்கு அதற்குமேல் கேட்க மனசு வரவில்லை. டீச்சர் விடவில்லை.

"சார்னு கூப்பிட்டா நீங்க சும்மாவே வேலை பாப்பீங்கன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "போனைக் கொடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது இந்த மேசையில கிடக்கட்டும். வீட்டுல இருந்து வந்தா எடுங்க. வேற யாரு கூப்பிட்டாலும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், உங்களுக்கு வேணும்னா, அந்தப் பதினோரு வரியை நானே ஏத்தித் தாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைக்கு டீச்சர்மேல் எனக்கு வருத்தம்தான். குருவே விஷத்தைத் தூக்கிக் கொடுக்கிறதாவது என்று கீழே வந்து ஜெராக்ஸ் மிஷினிடம் புலம்பினேன்.

செவ்வாய்க்கிழமை போன் ஒன்பது தடவை அடித்தது. புதன்கிழமை பதினாலு. சிவசுப்பு காலையிலேயே வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். மணி அடிக்கும்போதெல்லாம் கை தானாகப் போகும். டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார். கை திரும்பிவிடும். வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். ஒன்றாம் தேதிக்கு வரலாமா என்று சுரண்டை மைத்துனர் கேட்கிறாராம். சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வெடித்தது. பேச்சிமுத்து பெயர் திரையில் ஏழாவது தடவையாக மின்னிக்கொண்டிருந்தது.

"டீச்சர், கல்யாணப் பத்திரிகை சோலியா இருக்கும். இது முகூர்த்த மாசம். ஒரே ஒரு தடவை எடுத்துக்கிடுதேன்."

"கூடாது."

"பாவம் டீச்சர்."

"கூடாதுன்னா கூடாது."

சிவசுப்பு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"நீங்கல்லாம் மனுசிதானா? அவனாவது பொருளைத்தான் எடுத்தான். நீங்க என் சோத்துலயே கை வைக்கீங்க!"

"எந்தச் சோறு அண்ணாச்சி?"

விழுந்த நாற்காலியை ஓர் உதை விட்டுவிட்டுக் கீழே இறங்கி என் கடைக்கு வந்தார். அந்தக் கம்பெனி, பேச்சிமுத்து, டீச்சர், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் என்று வரிசையாக எல்லோரையும் ஏசினார். டீ வாங்கிக் கொடுத்த என்னையும் ஏசினார். சர்க்கரை கம்மியாம். கிளாஸ் காலியானதும் சத்தம் காட்டாமல் மறுபடி மாடி ஏறினார்.

"எந்தச் சோறுன்னுதான் யோசிச்சுக்கிட்டே வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சென்னை நம்பர் ஒன்று அடித்தது. டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டு, சிவசுப்பு பக்கம் தள்ளினார்.

"என்ன சார், நாலு நாளா போனே எடுக்கல?" கம்பெனி மேனேஜர். சின்ன வயதுக் குரல். "எங்க கஸ்டமர்ங்க எல்லாம் எங்களைத் திட்டறாங்க சார்."

"உங்க கஸ்டமருன்னா நீங்கதானே தம்பி பாக்கணும்."

"அது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு இங்க யாருக்கும் தெரியாதே சார். நீங்கதானே எப்பவும் பாப்பீங்க."

"பாக்கேன். மாசம் என்ன தாரீங்க?"

மேனேஜர் சிரித்தான். சிரித்தான் சார்! எனக்கு அந்தப் போனையே தூக்கித் தெருவில் எறியத் தோன்றியது.

"என்ன சார் நீங்க. ஃப்ரீயா குடுத்ததுதானே அது?"

சிவசுப்பு போன் பக்கம் குனிந்தார். இதோ கத்தப்போகிறார் என்று நினைத்தேன். குரல் தணிந்துதான் வந்தது.

"கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பிக் கேக்கல. அது உங்க கையிலதானே இருக்கு. சந்தேகம் வந்தா அதுகிட்டயே கேளுங்க."

"இப்படிப் பேசினா சரியா வராது சார்" என்று போன் துண்டிக்கப்பட்டது.

டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினார். எடுக்காத அழைப்புகளின் பட்டியல், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"மேல இருந்து ஒவ்வொண்ணா கூப்பிடுங்க."

முதலில் பேச்சிமுத்து.

"என்ன வே! செத்துகித்துப் போயிட்டீரோன்னு பயந்துட்டேன். அந்தச் சென்னைக்காரன் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேங்கான் வே!"

"இருக்கேன் முதலாளி. ஒரு விசயம். ஆட்-ஆன் யார்கிட்ட வாங்குனாலும் சரி, சும்மா எடுத்துக்கிட்டாலும் சரி. நான் பாக்கணும்னா, பழைய மாதிரி மாசம் எனக்குத் தந்தாத்தான் பாப்பேன்."

"அவனுக்கு ஒரு வருசத்துக்கு மொத்தமா கட்டித் தொலைச்சிட்டேனே வே."

"அது உங்க சோலி முதலாளி."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இருபத்தாறு வருடம் முதலாளிகள் முன்னால் பொத்தியே கிடந்த வாய் அது.

பேச்சிமுத்து பெருமூச்சு விடுவது கேட்டது. "சரி, சவத்தைத் தள்ளும். தாரேன். இப்ப இந்தப் பத்திரிகையைப் பாரும். அஞ்சு மணிக்கு அச்சுல ஏறணும்."

அதை முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கோவில்பட்டிக்காரர் சரி என்றார். ராஜபாளையத்துக்காரர் கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். தென்காசி யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. சாத்தூரில் ஒருத்தர், 'இதை முதல்லயே சொல்லியிருந்தா அவன்கிட்ட போயிருக்கவே மாட்டேனே' என்று இவரிடமே சண்டைக்கு வந்தார். சண்டை போட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். மூன்று இடம் ஆயிற்று. சிவசுப்பு வீட்டுக்குக் கூப்பிட்டு, சுரண்டைக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னார்.

நாலு மணிக்கு டீச்சர் லேப்டாப்பை முன்னால் இழுத்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன். எங்க அந்தப் பதினோரு வரி? வேணும்னா சொல்லுங்க, ஏத்திருவோம்."

சிவசுப்பு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தணும் போலத்தான் இருக்கு டீச்சர். வயிறு இன்னும் எரியுது. அவன் சிரிச்சான் பாத்தீங்களா? ஆனா பேச்சிமுத்து முதலாளி வச்சிருக்கதும் அந்தப் பொட்டிதானே. நானே வரியை முழுங்கிட்டு, நானே போய்த் தேடவா?"

பதினோரு வரியையும் அவரே அழித்தார். அழித்துவிட்டு விசைப்பலகையில் ஒரு குத்து விட்டார்.

"அப்ப அந்தக் களவாணிப் பயலை அப்படியே விட்டுரதா? அவனுக்கு விஷமே கிடையாதா டீச்சர்?"

மேசைமேல் போன் அடித்தது. அதே சென்னை நம்பர். சிவசுப்புவின் கை அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது.

டீச்சர் டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார்.

"அதான் திங்கக்கிழமையே வச்சாச்சே அண்ணாச்சி."