ஓணாங்குடியார் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்த கதை

ஓணாங்குடிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்லுவார்கள். அதில் பாதி பொய். பொய்யையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிறேன். அதுவே தாராளமாகப் போதும்.

அந்த ஊரில் கிரிக்கெட் ஆடத் தெரிந்தவர்கள் பதினோரு பேர். மற்ற எல்லாரும் ரசிகர்கள். ரசிகர் மன்றத் தலைவர் சீனிமுத்து சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்ட வருகிறவனிடம் “நீ எந்த டீம்?” என்று கேட்டுவிட்டுத்தான் டியூபையே வெளியில் எடுப்பார். அப்படிப்பட்ட ரசிகர், சில வருஷங்களுக்கு முன்னால் சுடலைமாடன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். வட்டாரக் கோப்பை ஓணாங்குடிக்கு வருகிற வரை முகத்தில் கத்தி படாது என்று.

கோப்பை வரவில்லை, தாடி வந்தது. வந்தது நெஞ்சு வரைக்கும் இறங்கி, இரண்டொரு தடவை சைக்கிள் செயினிலும் மாட்டிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் அதற்கும் ஒரு பங்கு போனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி பேச்சிக்கனி ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இந்த வருசப் போட்டி முடிஞ்சும் இந்தத் தாடி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

பேச்சிக்கனி இல்லாத வீட்டைச் சீனிமுத்துவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சத்தியத்தை மீறலாம் என்றால் சுடலைமாடனையும் நினைக்க வேண்டியிருந்தது. அதுவும் முடியவில்லை. ஆக, கோப்பை வந்தே தீர வேண்டும்.

கோப்பையோ பக்கத்து ஊரான மேலப்பாறையில் இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் இருட்டிவிட்டால், போன வருஷம் வைத்திருந்தவர்களே வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய விதி. மேலப்பாறைக்காரர்களுக்கு அது போதுமே. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர்கள் பந்துவீச்சாளர் தவசி கீழே குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவான். அவன் வெறுங்காலோடு ஆடுகிறவன் என்பதை ஓணாங்குடியில் யாரும் கவனித்ததில்லை. “பாவம், எப்பப் பாத்தாலும் அவனுக்கு அவுந்துருது” என்று இரக்கப்படுவார்கள்.

இதைப் பார்த்துச் சலித்துப்போன பி.டி. வாத்தியார் ஞானதுரை இந்த வருஷம் புது விதி கொண்டுவந்தார். போட்டியை நடத்துகிறவரும் அவர்தான், நடுவரும் அவர்தான், சுண்ணாம்புக் கோடு போடுகிறவரும் அவர்தான். போட்டிக்கு முந்தின நாள் ரசிகர்களின் கருத்தைக் கேட்க ஓணாங்குடிக்கே வந்தார்.

“நான் கையை இறக்குனதும் ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ணணும். எல்லா எண்ணையும் எண்ணி முடிக்கிறதுக்குள்ள பந்து வீசலைன்னா, மட்டை பிடிக்கிற டீமுக்கு ஒரு ரன். என்ன சொல்லுதீங்க?”

ரசிகர்கள் வெகுநேரம் யோசித்தார்கள்.

“சார், வெரசா ஆடுனா வெரசா தோத்துருவோமே?” என்றான் குழந்தையன்.

“அது நல்லதுதானவே” என்றான் பரமாண்டி. “வெரசா தோத்தாத்தான வெளிச்சத்துலயே வீட்டுக்குப் போயி வருத்தப்படலாம்.”

“அதுக்கில்லவே. ஆட்டம்னா நாள் பூரா நடக்கணும். மூணு மணிக்கே முடிஞ்சுட்டா அப்புறம் பொழுது எங்க போகும்?”

“பொழுது மேக்கதான் போகும். வேற எங்க போகும்?”

இந்தப் பதில் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. விதி ஏகமனதாக நிறைவேறியது. எண்ணுகிற வேலையையும் வாத்தியார் அவர்களிடமே ஒப்படைத்தார். ஏமாற்றுவதற்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும் என்பது அவர் கணக்கு. கிளம்பும்போது, பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் சொல்லிப் பழகிய வாயால் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“ஆட்ட நேரத்துல கைதட்டுறது, சண்டை போடுறது, உள்ள ஓடி வாறது எதுவும் கூடாது. எதுவா இருந்தாலும் முன்னாடியே முடிச்சுட்டு வாங்க.”

அவர் தலை மறைந்ததும் சீனிமுத்து மன்றத்தைக் கூட்டினார். “வாத்தியார் சொன்னதுல எம்புட்டு அர்த்தம் இருக்கு, பாத்தியளா? ஆட்டம் இருட்டுறது நம்மளாலதான். முன்னாடியே முடிக்க வேண்டியது என்னென்ன?”

“சண்டை” என்றான் பரமாண்டி.

“சரி. நாளைக்குப் போட வேண்டிய சண்டையை இன்னைக்கே போட்டுருவோம்.”

உடனே மேலப்பாறைக்குப் புறப்பட்டார்கள். தவசி வயல் வேலை முடிந்து பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தான். சீனிமுத்து அவனுக்கு எதிரில் போய் நின்று இடுப்பில் கை வைத்தார்.

“நாளைக்கு நீ கோட்டைத் தாண்டிக் கால் வைக்கப் போற. அது நோபால்!”

தவசி சோப்பு நுரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். “நான் எங்கவே கால் வச்சேன்?”

“இன்னும் வைக்கல. வச்சப் பொறவு சண்டை போட்டா நேரம் வீணாகும்லா?”

மேலப்பாறைக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. ஆனால் சண்டை என்று வந்தவனைத் திருப்பி அனுப்புகிற வழக்கமும் அங்கே இல்லை. நாளை நடக்கப்போகிற நோபாலுக்கும், ரன் அவுட்டுக்கும், நடுவர் பார்க்காமல் விடப்போகிற கேட்சுக்கும் சேர்த்து மும்முரமாகச் சண்டை நடந்தது. குழந்தையனுக்கு நாளைக்கு விழ வேண்டிய அறை இன்றே விழுந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே “ஒரு வேலை முடிஞ்சுது” என்றான்.

அடுத்து ஊர்வலம். ஜெயித்த பிறகு கோப்பையோடு ஊரைச் சுற்றி வருவதற்குள் இருட்டிவிடும் என்று சீனிமுத்து கவலைப்பட்டார். அதனால் கோப்பையையும் கையோடு கேட்டார். “இன்னைக்கே சுத்தி முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருதோம் தம்பி.”

இதைக் கேட்டுத் தவசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விளையாட்டாகக் கோப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஓணாங்குடிக்காரர்கள் மேளம் வைத்து, மாலை போட்டு, தெருத்தெருவாகச் சுற்றி, சுடலைமாடன் கோயிலிலும் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் துடைத்து நாணயமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இரவு மைதானத்திலேயே படுத்துக்கொண்டார்கள். காலையில் வருகிற நேரத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டுமே.

விடிந்ததும் கைதட்டி முடித்தார்கள். எத்தனை சிக்ஸருக்குத் தட்டுவது என்று கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. குறைவாகத் தட்டினால் நம் பையன்கள் அதற்கு மேல் அடிக்க மாட்டார்கள் என்று பரமாண்டி பயந்தான். அதனால் கை சிவக்கிறவரை தட்டினார்கள். காலியான மைதானம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சீனிமுத்துவுக்கு அது உறைத்தது. கோப்பைதான் ஊருக்கு வந்துவிட்டதே! சத்தியம் நிறைவேறியாயிற்று. ஜெயித்த பிறகு நாவிதரைத் தேடிக்கொண்டு அலைவானேன்? வேலிக்கு வெளியே சவரக் கடை போட்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தார். தாடி அரைமணி நேரத்தில் மண்ணில் கிடந்தது. காற்று பட்டதும் கன்னம் சிலிர்த்தது, மனசுக்குள் மட்டும் ஒரு ஓரத்தில் பயம் பிடித்தது. தோற்றுவிட்டால்? சுடலைமாடன் நேற்று வந்த கோப்பையை வந்ததாக எடுத்துக்கொள்வாரா, மாட்டாரா? ஒரு முடிவுக்கும் வர முடியாமல் அவர் எண்ணுகிற இடத்தில் போய் நின்றார்.

எண்ணுவதிலும் பரமாண்டி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். “இருபது எண்ணையும் எதுக்குவே ஒருத்தரே சொல்லணும்? நாம இருபது பேரு இருக்கோம். ஆளுக்கு ஒண்ணை எடுத்துக்கிடுவோம்.”

சீனிமுத்துவுக்கு ஒன்று. பரமாண்டிக்குப் பதினாறு. குழந்தையனுக்குப் பதினேழு. மேலப்பாறை முதலில் மட்டை பிடித்தது. வாத்தியார் கையை இறக்கியதும் இருபது பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எண்ணைக் கத்தினார்கள். எண்ணி முடிந்துவிட்டது. ஓணாங்குடிப் பந்துவீச்சாளன் அப்போதுதான் பந்தைக் கையில் வாங்கியிருந்தான்.

“ஒரு ரன்!” என்றார் சீனிமுத்து கண்டிப்பாக.

“அண்ணாச்சி, நான் ஒங்க ஊர்க்காரன்!” என்று பையன் அழாத குறையாகக் கத்தினான்.

“விதிக்கு ஊர் கிடையாது தம்பி. வெரசாப் போடு.”

வாத்தியார் விதியைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தார். எல்லா எண்ணையும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு ரன் கொடுத்தார்.

இப்படி மேலப்பாறைக்குப் பந்துக்கு ஒரு ரன் சும்மா கிடைத்தது. மத்தியானத்துக்கு மேல் ஓணாங்குடி ஆட வந்தபோது அதே மாதிரி அவர்களுக்கும் கிடைத்தது. தவசி எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் இருபது பேர் வாயை முந்த முடியவில்லை. மட்டையால் அடித்த ரன்னைவிடக் கத்தி வந்த ரன்தான் இரண்டு பக்கமும் அதிகம். பந்துக்குப் பந்து நடந்த பஞ்சாயத்தில் ஆட்டம் முன்னைவிட மெதுவாகத்தான் போனது என்பதை யாரும் வெளியில் சொல்லவில்லை.

கடைசிப் பந்து. இரண்டு ஊரும் சமமாக நின்றன. ஓணாங்குடிக்கு ஒரே ஒரு ரன் வேண்டும். வெயில் பனைமரத் தலையில் மட்டும் மிச்சமிருந்தது. வாத்தியார் கையை இறக்கினார். ரசிகர்கள் கத்தினார்கள். கத்தி முடித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினேழைக் காணோம்.

குழந்தையன் சேமியா ஐஸ் வாங்கப் போயிருந்தான். கூட்டத்தில் யாரும் வாங்கவில்லை என்று ஐஸ் வண்டிக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார். தவசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிதானமாகக் கீழே உட்கார்ந்து, வெறுங்காலில் கயிறு கட்ட ஆரம்பித்தான்.

“சார்! பதினேழு இல்லாம ரன் உண்டா?” என்று கேட்டார் சீனிமுத்து.

“முழுசா எண்ணுனாத்தான் ரன்” என்றார் வாத்தியார். அவருக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

“பரமாண்டி, நீ பக்கத்துலதான இருக்க. பதினேழையும் சேத்துச் சொல்லிரேன்.”

“என் எண்ணையே ஒழுங்காச் சொல்லுதேனான்னு காலையில இருந்து பயமா இருக்கு அண்ணாச்சி. அடுத்தவன் எண்ணை எப்படித் தொடுவேன்? நாளைக்கு அவன் வந்து கேட்டா?”

அது நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். சீனிமுத்துவும் தலையாட்டினார், ஆனால் அவருக்குக் கண் கலங்கியது. தாடி போய்விட்டது. கோப்பையும் போய், பேச்சிக்கனியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், சுடலைமாடன் கையில் அகப்பட அவர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். பனைமர உச்சியிலும் வெயில் மங்கியது. தவசி ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போனான்.

வேலி ஓரத்தில் குழந்தையன் வந்துகொண்டிருந்தான், வாய் நிறைய ஐஸோடு.

“துப்புவே! துப்பு!” என்று அலறினார் சீனிமுத்து.

வாங்கிய ஐஸைத் துப்ப அவனுக்கு மனசே வரவில்லை. முழுங்கவும் முடியவில்லை, பல் கூசியது. கடைசியில் உள்ளங்கையில் துப்பிப் பத்திரமாக வைத்துக்கொண்டு கத்தினான்: “பதினேழு!”

ஒரு ரன். ஓணாங்குடி ஜெயித்துவிட்டது.

மைதானம் அப்படியே அமைதியாக இருந்தது. கைதட்டலெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டதால் ரசிகர்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். வாத்தியார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“எங்கவே போறீங்க? வந்து கப்பை வாங்குங்க!”

“அது நேத்தே வாங்கி, ஊர்வலமும் போயாச்சு சார்” என்றார் சீனிமுத்து பெருமையோடு. “ரெண்டாவது தடவையும் வாங்குனா நேரம் வீணாகாதா?”

ஓணாங்குடி கேப்டன் கை நீட்டப் போனான். நாலு பேர் அவனைத் தடுத்து, ஒழுங்காக இருக்கச் சொன்னார்கள். வாத்தியார் கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தவசி மரியாதையாக அதை வாங்கிக்கொண்டு மேலப்பாறைக்கு நடந்தான்.

சீனிமுத்து கன்னத்தைத் தடவியபடி துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சிக்கனி நின்றிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு அண்ணாச்சி நீங்க? அவுக வீட்ல இல்ல.”

“ஏட்டி, நான்தான்! நாம ஜெயிச்சாச்சு!”

“எங்க வீட்டுக்காரருன்னா கப்பு எங்க?”

“கப்பு மேலப்பாறைக்குப் போயிட்டு.”

“அப்ப தாடி எங்க?”

“அதான் இல்லையே.”

“அவுக சாமி முன்னால சத்தியம் செஞ்சவுக அண்ணாச்சி. கப்பு வாற வரைக்கும் தாடி இருக்கும். தாடி இல்லைன்னா கையில கப்பு இருக்கும். ரெண்டும் இல்லாத ஆளு எப்படி எங்க வீட்டுக்காரரா இருக்க முடியும்?”

சீனிமுத்து எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. சத்தியம் செய்த சீனிமுத்துவை அவருக்கும் நன்றாகத் தெரியும். வாக்குத் தவறுகிற ஆள் இல்லை.

“சரி தாயி. அவரு வாற வரைக்கும் இந்தப் படியில உக்காந்துக்கிடட்டுமா?”

“உக்காருங்க. மோர் தாரேன்.”

மோரைக் குடித்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாகப் போன பரமாண்டி நின்று, யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தான்.

“சீனிமுத்துக்குத்தான். ஆட்டம் முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இன்னும் ஆளைக் காணோம் பாத்துக்க” என்று அவர் அலுத்துக்கொண்டார். “தலைவரே இம்புட்டு மெதுவா இருந்தா, ஆட்டத்தை எப்படிவே வெரசா முடிக்கிறது?”